நலம் காக்கும் ஆடை

மானம் காப்பதும், வெயிலும் குளிரும் தாக்காவண்ணம் உடலைப் போர்த்துவதுமே ஆடையின் பயன் என்று மக்கள் நெடுங்காலம் கருதிவந்தனர். உடுத்தியவரின் உடல்நிலையை அறிந்து உரைக்கும் ஆடையும் இன்று தோன்றியுள்ளது.

திண்டுக்கல் வட்டாரம் நூலுக்கும் நெசவுக்கும் பெயர் பெற்றது. வேடசந்தூர்ப் பகுதியில் நூற்பாலைகள் பல உள்ளன. சின்னாளபட்டிச் சேலையின் புகழைப் பலரும் அறிவர். பாவில் ஓர் இழை அறுந்தால் அதனை உடனே முடிந்துவிட வேண்டும். இன்றேல் துணி குறைபடும். இது நெசவாளர் நன்கறிந்த உண்மை. இழை அறாமை இப்புதிய ஆடைக்கு இன்னும் இன்றியமையாதது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் பயின்று பட்டம் பெற்ற சுந்தரேசன் ஜெயராமன் என்பார், அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார். போர்க்களத்தில் குண்டடிபட்ட வீரனின் நிலை மருத்துவருக்கு உடனே தெரிதல் வேண்டும். இதன்பொருட்டு, அமெரிக்கக் கடற்படையின் பொருளுதவியுடன் 1996-ஆம் ஆண்டில் அவர்தம் குழுவினர் ஆராய்ச்சியைத் தொடங்கினர். சட்டை முழுவதும் சுழன்று செல்லுமாறு ஒளியிழை ஒன்றை நெய்தனர். குண்டு துளைத்து இழை அறுந்தால், ஒரு முனையில் செலுத்திய ஒளி மறுமுனையை அடையாது. அதனால் காயம் புலப்படும். ஆனால், கைகள் பொருந்தும் இடத்தில் துணியை வெட்டித் தைத்தால் இழையும் அறுமன்றோ? ஆகவே, வெட்டாமல் சட்டை வடிவிலேயே நெய்யும் முறையைக் கண்டனர். போர்வீரனுக்கென எழுந்த இவ்வாடை, நோயாளர்க்கும் முதியோர்க்கும் பச்சிளங்குழந்தைகட்கும் பயன்படும் என்பது பின்னர் உணரப்பட்டது.

இத்தகைய ஆடைகள் செயற்படும் வகையைக் காண்போம். உலர்ந்த பருத்திநூல் மின்சாரத்தை எளிதிற் கடத்தாது. வெள்ளி பூசிய நைலான் இழை கடத்தும். இதயம் துடிக்குந்தோறும் நுண்ணிய மின்னலை எழுகின்றது. மார்பின் தோலில் அதன் அளவு ஏறத்தாழ ஒரு வோல்ட்டின் 1000-இல் ஒரு பங்கே. தோலைத் தொட்டிருக்கும் வெள்ளியிழை அதனை ஏற்று, சட்டையிற் பொருத்திய சிறுகருவிக்கு அனுப்பும். மூச்சை உள்ளிழுக்குங்கால் மார்பு விரிய, அங்குள்ள இழை நீண்டு, அதன் மின்தடை மாறும். அம்மாற்றத்தால் மூச்சின் எண்ணிக்கை புலனாகும். கருவி இச்செய்திகளைக் கம்பியின்றிக் கைப்பேசிக்குச் சேர்க்கும்.

குறைகளும் உள. பன்முறை துவைப்பின் வெள்ளிப்பூச்சு தேயும். உடல் அசையுங்கால் இழை விலகிப் பொய்க்குறி காட்டுவதும் உண்டு. ஒருவரின் உடல்நலச் செய்தி பிறர் கைப்படாமற் காத்தலும் வேண்டும். மேலும், ஆடை அளப்பதேயன்றி நோயைத் துணிவதன்று. அது மருத்துவர் கடமை.

எனினும், மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள சிற்றூரில், நள்ளிரவில் முதியவர் ஒருவரின் இதயத்துடிப்பு நிலைமாறினால், அருகில் உறங்குவோர் அறியார். ஆடை அறிந்து அவர்களை எழுப்பக்கூடும். அப்பொழுதே அறிவதற்கும் விடிந்தபின் அறிவதற்கும் இடையே ஓர் உயிர் ஊசலாடலாம்.

நூல் என்னும் சொல் இழையையும் குறிக்கும், ஏட்டையும் குறிக்கும். இழைநூலில் வல்லார் திண்டுக்கல் வட்டாரத்தில் பலர். அவர்தம் மக்கள் ஏட்டு நூலும் கற்று இரண்டையும் இணைப்பாராயின், உயிர் காக்கும் ஆடை அவர்தம் தறிகளிலும் நெய்யப்படும்.