அப்பாவின் பழைய ரிசீவரை விற்கப் போகிறீர்களா? விளக்கு எரிந்தால் மட்டும் போதாது!

பரணைச் சுத்தம் செய்யும்போது மூலையில் ஒரு பெட்டி தட்டுப்படும். தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும் கனம். துடைத்துப் பார்த்தால் அலுமினிய முகப்பு, வரிசையாக நாப்கள், ஸ்டேஷன் எண்கள் அச்சிட்ட நீளமான கண்ணாடி. அப்பாவோ பெரியப்பாவோ வளைகுடாவிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கொண்டுவந்த ஸ்டீரியோ ரிசீவர்!

"காயலான் கடையில போட்டா எவ்வளவு தேறும்?" என்று வீட்டில் ஒரு குரல் எழும். கொஞ்சம் பொறுங்கள். முகப்பில் மரான்ட்ஸ், பயனியர், சான்சூயி, கென்வுட் என்று பெயர் இருந்தால், அதைத் தேடி அலைகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

ஏன் இந்த மவுசு?

ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் ஒரே பெட்டியில் இருப்பதுதான் ரிசீவர். 1970-களில் கம்பெனிகளுக்குள் வாட்ஸ் போட்டி நடந்தது. விளம்பரங்களில் இஷ்டத்துக்கு எண்களை அள்ளிவிட்டார்கள். அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் 1974-ல் இதற்குக் கடிவாளம் போட்டது. செட்டை மூன்றில் ஒரு பங்கு சக்தியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு அளந்த தொடர் சக்தியைத்தான் சொல்ல வேண்டும் என்பது அன்றைய விதி.

அந்தச் சூட்டைத் தாங்கப் பெரிய டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும் வேண்டும். 1978-ல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980, ஒரு சேனலுக்கு 270 வாட்ஸ், எடை சுமார் 35 கிலோ! மரான்ட்ஸ் 2270 என்றால் சேனலுக்கு 70 வாட்ஸ்; கடைசி இரண்டு இலக்கங்களே சக்தியைச் சொல்லிவிடும்.

'சர்வீஸ் பண்ணியாச்சு' என்றால்?

விற்பனையில் சிக்கல் தொடங்கும் இடம் இதுதான். முகப்பைப் பளபளவென்று துடைத்து, எரிந்துபோன விளக்குகளுக்குப் பதில் எல்இடி போட்டு, 'முழுசா புதுப்பித்தது' என்று சொல்லிவிடலாம். ஆனால், உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கன்டென்சர்கள் நாற்பது, ஐம்பது வருடங்களில் உலர்ந்து சக்தி இழக்கின்றன. அவுட்புட் டிரான்சிஸ்டர் பழுதானால் ஸ்பீக்கரும் சேர்ந்து போகலாம். வாங்குகிறவர் தன் ஸ்பீக்கரை மட்டுமல்ல, வீட்டு மின் இணைப்பையும் நம்பி அதில் மாட்டுகிறார்.

அதனால் விற்பவர் கையில் இவை இருக்க வேண்டும்:

* மாற்றிய பாகங்களின் பட்டியலும் பில்லும். கழற்றிய பழைய பாகங்களை ஒரு கவரில் போட்டு வைத்தால் அதுவே சாட்சி.

* மூடியைத் திறந்து எடுத்த படங்கள், வேலைக்கு முன்பும் பின்பும்.

* பாட்டு ஓடாதபோது ஸ்பீக்கர் முனையில் அளந்த டிசி வோல்டேஜ். அது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். 50 மில்லிவோல்ட்டுக்குள் என்றால் பொதுவாகக் கவலை இல்லை.

* சரிசெய்யாத குறைகள். வால்யூம் திருப்பும்போது கரகரப்பா, ஒரு மீட்டர் அசையவில்லையா? அதையும் சொல்லிவிடுங்கள்.

வருடக்கணக்கில் தூங்கிய செட்டை நேராக பிளக்கில் செருகிப் பார்க்கவே கூடாது. நல்ல மெக்கானிக் முதலில் சீரீஸ் பல்பு போர்டு வழியாகத்தான் கரன்ட் கொடுப்பார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரிந்து காட்டிக்கொடுத்துவிடும், செட் தப்பிக்கும்.

எந்த நாட்டுக்கான செட்?

பின்பக்கத்தைப் பாருங்கள். அமெரிக்காவுக்காகச் செய்தது 120 வோல்ட். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் செருகினால் டிரான்ஸ்ஃபார்மரே எரியக்கூடும். சில செட்களில் வோல்டேஜ் மாற்றும் வசதி உண்டு. இல்லாதவற்றுக்குப் போதுமான வாட்ஸ் கொண்ட ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும்.

இன்னொன்று, ஜப்பானுக்காகச் செய்த பழைய செட்களில் எஃப்எம் 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான். நம் எஃப்எம் நிலையங்களோ 88 முதல் 108 வரை. 'ரேடியோ எடுக்கலையே' என்று வாங்கியவர் பிறகு சண்டைக்கு வருவதைவிட, முன்பே சொல்வது நல்லது.

விலை எப்படி வைப்பது?

இணையத்தில் ஆட்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்றுப்போன விலையைப் பாருங்கள். அதே மாடல், அதே நிலை. குறைந்த சக்தி கொண்ட சாதாரண மாடலுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்தால், போட்ட காசு திரும்பாமல் போகலாம். சர்வீஸுக்குக் கொடுக்கும் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

முடிந்தவரை நேரில் வரச்சொல்லி, ஒரு மணி நேரம் பாட்டு போட்டுக் காட்டி விற்பதே நல்லது. சூடானபின் வரும் கோளாறு அப்போதுதான் தெரியும். பார்சலில் அனுப்பியே ஆக வேண்டுமென்றால், பெட்டிக்குள் பெட்டி வைத்து நடுவே கெட்டியான ஃபோம் நிரப்புங்கள். கீழே விழுந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் கனமே உள்ளிருக்கும் போர்டை உடைத்துவிடும்.

எல்லாம் சரியானபின், விற்கும் முன் ஒருநாள் அம்மா அப்பாவை உட்காரவைத்து அதில் பாட்டு போடுங்கள். அதைக் கேட்ட பிறகும் விற்கலாம் என்று தோன்றினால் தாராளமாக விற்கலாம். வாங்குகிறவருக்கு அதை எந்த வருடம், எந்த ஊரிலிருந்து, யார் கொண்டுவந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி பில்லோடு சேர்த்துக் கொடுங்கள். அடுத்த முறை யாராவது மூடியைத் திறக்கும்போது, அந்தத் தாள் உதவும்.