மரம் எழுப்பும் நான்கு சுவர்கள்

விளையாடும்போது விழுந்து முழங்காலில் சிராய்த்துக்கொண்டால், சில நாளில் அந்த இடத்தில் புதுத்தோல் வந்துவிடும். செத்துப்போன செல்களின் இடத்தில் புதிய செல்கள் வந்து சேர்ந்துவிடும். மரத்துக்கு அந்த வசதி கிடையாது. இன்று ஒரு மரத்தில் விழும் வெட்டு, அது இன்னும் நூறு ஆண்டு வாழ்ந்தாலும் அதன் உடம்புக்குள்ளேயே இருக்கும். வெளியே பட்டை வளர்ந்து மூடிக்கொள்ளும், அவ்வளவுதான்.

காற்றில் கிளை முறிகிறது, மாடு உரசிப் பட்டை உரிகிறது, பூச்சி துளைக்கிறது. இத்தனை ஆறாத காயங்களோடு ஒரு மரம் எப்படி நம் தாத்தாவின் தாத்தாவை விடவும் நீண்ட காலம் வாழ்கிறது?

இதற்கு விடை தேடிக்கொண்டு போனவர் அலெக்ஸ் ஷைகோ. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 1930-இல் பிறந்தவர். மரநோய்களைப் படித்து முனைவர் பட்டம் பெற்று, அந்நாட்டு வனத்துறையின் ஆராய்ச்சியாளராக நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் வேலை பார்த்தார். ஒரே ஆள் தூக்கி அறுக்கக்கூடிய செயின்சா, அதாவது மோட்டார் ரம்பம், அப்போதுதான் பரவலாகப் புழக்கத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதுவரை மரத்தின் உள்ளே பார்க்க வேண்டுமென்றால் குறுக்கே அறுப்பார்கள். வட்ட வட்டமாக வளையங்கள் தெரியும். ஷைகோ நெடுக்காக அறுத்தார். அடியிலிருந்து மேல்வரை மரத்தைப் பிளந்து, எந்தக் காயத்திலிருந்து எந்த அழுகல் புறப்பட்டு எதுவரை போயிருக்கிறது என்று பார்த்தார். அவர் இப்படி அறுத்துப் பார்த்த மரங்கள் 15,000-க்கும் மேல்.

பழைய கருத்து என்ன தெரியுமா? நடுமரம் உயிரில்லாதது, காயத்தின் வழியாகப் பூஞ்சை நுழைந்தால் தன் விருப்பம்போல் தின்றுகொண்டே போகும், மரம் சும்மா நிற்கும் என்று நினைத்திருந்தார்கள். ஷைகோ பிளந்த மரங்களிலோ அழுகல் ஓரிடம் வரை போய், கோடு கிழித்ததுபோல் நின்றிருந்தது. கோட்டுக்கு இந்தப் பக்கம் மக்கிய மரம், அந்தப் பக்கம் நல்ல மரம். அழுகலை யாரோ தடுத்திருக்கிறார்கள். தடுத்தது மரமேதான்!

காயம் பட்டதும் மரம் நான்கு பக்கம் சுவர் எழுப்புகிறது என்று 1977-இல் அவர் விளக்கினார். தண்ணீர் ஏறும் நுண்குழாய்களைக் காயத்துக்கு மேலும் கீழும் அடைப்பது முதல் சுவர். அழுகல் நடுப்பகுதியை நோக்கிப் போகாமல் ஆண்டு வளையத்தின் விளிம்பு தடுப்பது இரண்டாவது. நடுவிலிருந்து பட்டையை நோக்கி ஆரம்போல் ஓடும் செல்கள், அழுகல் பக்கவாட்டில் பரவாமல் தடுப்பது மூன்றாவது. இந்த மூன்றும் காயம் படும்போதே மரத்தில் இருந்த பகுதிகள். சில சமயம் பூஞ்சை இவற்றை உடைத்துவிடும். முதல் சுவர்தான் இருப்பதிலேயே பலவீனமானது. அதனால்தான் அழுகல் பெரும்பாலும் மேலும் கீழுமாக நீண்டு போகிறது.

நான்காவது சுவர் வேறு வகை. பட்டைக்கு அடியில் புதுச்செல்களை உண்டாக்கும் மெல்லிய அடுக்கு ஒன்று இருக்கிறது. காயம் பட்ட பிறகு அந்த அடுக்கு புதிதாகக் கட்டும் சுவர் இது, நான்கிலும் வலுவானது. உள்ளே இருந்த பழைய மரம் முழுவதும் மக்கிப்போனாலும், காயத்துக்குப் பிறகு வெளியே வளர்ந்த மரத்துக்குள் அழுகலை எளிதில் வர விடாது. ஆளே நுழையக்கூடிய பொந்துள்ள புளியமரம் ஆண்டுதோறும் துளிர்த்துக் காய்ப்பது எப்படி என்று இப்போது புரிகிறதா? தண்ணீரையும் உணவையும் கொண்டுபோகிற, உயிருள்ள பகுதி வெளிப்புறத்தில் பத்திரமாக இருக்கிறது.

சுவர் கட்ட மரத்துக்குச் சக்தி வேண்டும். இலைகள் செய்த உணவில் மிச்சத்தை மரம் மாவுச்சத்தாக மாற்றி, தண்டிலும் வேரிலும் உள்ள உயிருள்ள செல்களில் சேமித்து வைக்கிறது. அதை எடுத்துத்தான் செலவு செய்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஷைகோவின் கண்டுபிடிப்பு மரம் வெட்டுபவர்களின் கையில் வந்தபோது பெரிய சண்டையே நடந்தது. கிளையை அடிமரத்தோடு ஒட்ட, வழுவழுவென்று வெட்டுவதுதான் நல்ல வேலை என்று பல தலைமுறையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அது தவறு என்றார் ஷைகோ. கிளை அடிமரத்தில் சேரும் இடத்தைக் கவனித்தால் ஒரு புடைப்பு தெரியும். அதைக் கிளையின் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். கிளையில் அழுகல் வந்தால் அடிமரத்துக்குள் புகாதபடி தடுக்கும் இடம் அது. ஒட்ட வெட்டினால் கழுத்தும் போய்விடும். கிளைக்கு மட்டும் பட வேண்டிய காயம் அடிமரத்துக்கும் பட்டுவிடும். அதற்காக ஒரு முழம் முளையை விட்டு வெட்டுவதும் கூடாது. அந்த முளை காய்ந்து மக்கும். பட்டை அதன்மேல் வளர்ந்து மூட முடியாது. கழுத்தைத் தொடாமல், அதற்குச் சற்றே வெளியே வெட்ட வேண்டும்.

வெட்டிய இடத்தில் தாரோ பெயின்டோ பூசும் வழக்கமும் இருந்தது. ஷைகோவும் உடன் பணியாற்றியவரும் செம்மேப்பிள், எல்ம் மரங்களில் பலவகைப் பூச்சுகளைப் பூசி, 5 ஆண்டுகளுக்குப் பிறகு அறுத்துப் பார்த்தார்கள். எந்தப் பூச்சும் அழுகலைத் தடுக்கவில்லை. பொந்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து சிமென்ட் வைத்து அடைப்பதை அவர் இன்னும் கடுமையாக எதிர்த்தார். சுரண்டும்போது மரம் பாடுபட்டுக் கட்டிய சுவரே உடைந்துபோகும் அல்லவா? கடவுள், புத்தகம், வழக்கம் என்று எதையும் காட்டி வாதாடாமல், அறுத்த மரத்தைக் காட்டி வாதாடியவர் அவர். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது அதுதான்.

இன்று உலகின் பல நாடுகளில் மரப் பராமரிப்பு தனித் தொழில். அந்த வேலையில் இருப்பவர் வந்தவுடன் மரத்தில் ஏறிவிட மாட்டார். முதலில் சுற்றி வந்து பார்ப்பார். அடியில் காளான் முளைத்திருக்கிறதா? அப்படியென்றால் உள்ளே அழுகல் இருக்கலாம். வெடிப்பு உண்டா, காய்ந்த கிளை தலைக்குமேல் தொங்குகிறதா, மின்கம்பி பக்கத்தில் போகிறதா? பிறகு மரச் சுத்தியலால் தட்டிக் காதால் கேட்பார். உள்ளே பொந்து இருந்தால் சத்தம் மாறும். தலைக்கவசம், இடுப்பு வார், கயிறு எல்லாம் சரிபார்த்த பிறகே ஏறுவார்; கீழே ஒருவர் எப்போதும் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏறுவதற்குக் காலில் கட்டும் இரும்பு முள் ஒன்று உண்டு. வெட்டிச் சாய்க்கப் போகும் மரத்தில் மட்டுமே அதைப் பயன்படுத்துவார்கள். பிழைக்க வேண்டிய மரத்தில் அந்த முள் குத்தும் ஒவ்வொரு இடமும் ஒரு காயம். ஒவ்வொன்றுக்கும் மரம் சுவர் கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய கிளையை அவர் ஒரே வெட்டில் எடுப்பதில்லை. அப்படி எடுத்தால் பாரம் தாங்காமல் கிளை சரியும்போது, அடிமரத்துப் பட்டையையும் நெடுக உரித்துக்கொண்டு விழும். அதனால் கழுத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, முதலில் அடிப்பக்கம் ஒரு சிறு வெட்டு. அதற்கும் வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் முளையைக் கழுத்துக்கு வெளியே மூன்றாவது வெட்டில் எடுப்பார்.

மரத்தின் தலையை மொட்டையாக வெட்டும்படி கேட்டால், நல்ல பராமரிப்பாளர் மறுத்துவிடுவார். இலைகள் போனால் உணவு இல்லை, சேமிப்பும் கரையும், சுவர் கட்டச் சக்தி இருக்காது. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் கிளைகள் அடிமரத்தின் உள்ளே வேர் பிடிக்காமல் மேலாக ஒட்டிக்கொண்டிருப்பவை. அடுத்த பெருங்காற்றில் முதலில் முறிவது அவைதான்.

ஷைகோ 2006-இல் காலமானார். மரத்தைத் தொட்டுப் பாருங்கள் என்று தன் மாணவர்களிடம் சொல்லிக்கொண்டே இருப்பாராம். நீங்களும் தெருவில் உள்ள வேம்பையோ புங்கையோ தொட்டுப் பாருங்கள். கிளையின் கழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள். மரத்தில் ஆணி அடித்து விளம்பரப் பலகை மாட்டியிருந்தால் எத்தனை ஆணி என்று எண்ணுங்கள். அத்தனை இடத்திலும் அந்த மரம் சுவர் கட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக ஆணி அடிக்க யாராவது வந்தால், வேண்டாம் என்று சொல்லச் சொல்லி வீட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள். கிளை வெட்ட ஆள் வந்தால், கழுத்து இருக்கும் இடத்தைக் காட்டி, அதற்கு வெளியே வெட்டும்படி கேளுங்கள்.