பேரேட்டில் ஏறாத செலவு

காரைக்கால் தொன்றுதொட்டு வணிகர் வாழ்ந்த ஊர். தனதத்தன் என்னும் வணிகரின் திருமகளாய்ப் பிறந்த புனிதவதியாரே பின்னர்க் காரைக்கால் அம்மையார் எனப் போற்றப்பெற்றார். ஆண்டுதோறும் ஆனித் திங்களில், மாங்கனித் திருவிழாவன்று, மாம்பழங்களை வாரி இறைத்து அப்பெருமாட்டியை இவ்வூர் கொண்டாடுகிறது. பெண்ணுக்கு விழா எடுக்கும் ஊர் இது. பற்றுவரவு பார்க்கத் தெரிந்த ஊரும் இதுவே. ஆதலின், பெண்களுக்கும் சிறுமியருக்கும் இழைக்கப்படும் வன்கொடுமையால் நேரும் பொருளிழப்பைப் பற்றி இங்கே பேசுவது பொருத்தமே.

'பெண்ணின் கண்ணீருக்கு விலை போடுவதா?' என்று சிலர் வருந்தக்கூடும். துன்பத்துக்கு விலை இல்லை என்பது உண்மையே. ஆயினும், துன்பத்தால் விளையும் செலவுக்குக் கணக்கு உண்டு. அக்கணக்கை யாரும் எழுதாமையால்தான், 'இஃது அவர்கள் வீட்டு விவகாரம், நமக்கென்ன நட்டம்?' என்று ஊரார் விலகி நிற்கின்றனர்.

நம் ஊர் கண்ட கொடுமை ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 2012 ஆம் ஆண்டு தீபாவளிக்காகச் சென்னையிலிருந்து காரைக்காலுக்கு வந்திருந்தார், 23 வயதுடைய பொறியியல் பட்டதாரிப் பெண் ஒருவர். நவம்பர் 14 ஆம் நாள் இரவு, பணிக்குத் திரும்பும்பொருட்டுத் தந்தையாருடன் புறப்பட்டுச் சென்றபோது, அவருடைய விருப்பத்தைப் பெற இயலாத ஒருவன் அவர்மீது திராவகத்தை வீசினான். இரு கண்களின் பார்வையையும் இழந்த அப்பெண், ஏறத்தாழ மூன்று திங்கள் போராடி, 2013 பிப்ரவரி 12 அன்று சென்னையில் உயிர் நீத்தார். குற்றவாளிக்குக் காரைக்கால் நீதிமன்றம் அவ்வாண்டு ஆகஸ்டில் ஆயுள் தண்டனை விதித்தது.

இதனை ஒரு கணக்கராக நின்று பாருங்கள். ஓர் எளிய குடும்பம் தன் மகளைப் படிக்கவைத்த ஆண்டுகளின் செலவெல்லாம் ஒரே நொடியில் கரைந்தது. அவர் ஈட்டியிருக்கக்கூடிய பல்லாண்டு ஊதியமும் உடன் போயிற்று. மருத்துவச் செலவுக்குப் பொதுமக்கள் நன்கொடை வழங்க நேர்ந்தது. மருத்துவமனை வாயிலில் காத்துக்கிடந்த உற்றார் தத்தம் வேலை நாள்களை இழந்தனர். காவல்துறை, நீதிமன்றம், சிறைச்சாலை ஆகியவற்றின் செலவோ பொதுப் பணம். உயிரிழப்பை அளக்க நம்மிடம் கோல் இல்லை. அதனை விட்டுவிட்டு எண்ணினாலும் இத்தனை பற்று வரிகள். எதிர்ப் பக்கத்தில் வரவு என்று எழுத ஒன்றுமில்லை.

இது செய்தித்தாளில் இடம் பெற்ற கொடுமை. செய்தியாகாமல் வீட்டுச் சுவர்களுக்குள் அடங்கிப்போவன எத்தனையோ. 2019 முதல் 2021 வரை நடைபெற்ற தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 18 முதல் 49 வயதுவரையுள்ள மணமான பெண்களுள் ஏறத்தாழ 29 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு உள்ளானவர்கள். தமிழ்நாட்டில் இது ஏறத்தாழ 38 விழுக்காடு. அத்தகைய ஒவ்வொரு நிகழ்ச்சியாலும் ஒரு பெண் சராசரியாக ஐந்து வேலை நாள்களையேனும் இழக்கிறாள் என்று நம் நாட்டில் நடந்த ஓர் ஆய்வு காட்டுகிறது. நாளொன்றுக்கு 400 ரூபாய் ஈட்டும் மீன் விற்கும் பெண்மணி ஒருத்தி ஆண்டில் மும்முறை அடிபடுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். 15 நாள், 6,000 ரூபாய். பிள்ளையின் புத்தகமும் சீருடையும் அந்த 6,000 ரூபாயில் அடக்கம். நான்காம் வகுப்பு மாணவனும் போட்டுவிடக்கூடிய கணக்கு இது, போடத்தான் ஆளில்லை.

இனி, அச்சத்தின் செலவு. பள்ளிக்கு வரும் வழியில் எவனோ ஒருவன் தொல்லை தருகிறான் என்றால், தொல்லை தந்தவனை யாரும் நிறுத்துவதில்லை. பெண்ணின் படிப்பைத்தான் நிறுத்துகின்றனர். வருகைப் பதிவேட்டில் நன்கு படித்துவந்த மாணவியின் பெயருக்கு நேரே திடீரென்று வெற்றுக் கட்டங்கள் தொடர்வதை ஆசிரியப் பணியில் நானும் கண்டிருக்கிறேன். அவ்வெற்றிடத்தில் ஒரு மருத்துவரோ கணக்காயரோ ஆசிரியையோ மறைந்துபோயிருக்கலாம். அவ்விழப்பை எந்த வரவுசெலவுத் திட்டமும் காட்டுவதில்லை.

உலக வங்கி 2014 இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, குடும்ப வன்முறையால் நேரும் இழப்பு சில நாடுகளில் மொத்த உற்பத்தி மதிப்பில் 1.2 முதல் 3.7 விழுக்காடுவரை ஆகிறது என மதிப்பிட்டது. பல அரசுகள் தொடக்கக் கல்விக்குச் செலவிடும் தொகைக்கு இஃது ஈடாகும். பள்ளிக்கூடம் கட்டவல்ல பொருளை நாம் கைம்மிஞ்சிய கோபத்துக்கு வாரி இறைக்கிறோம்.

இழப்பை ஈடுசெய்யும் கடமையைச் சட்டமும் உணர்ந்துள்ளது. 2005 ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி, இழந்த ஊதியத்தையும் மருத்துவச் செலவையும் பெண் கேட்டுப் பெறலாம். திராவக வீச்சுக்கெனத் தனிக் குற்றப்பிரிவு 2013 இல் உருவாயிற்று. 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சம்ஹிதையின் 124 ஆம் பிரிவாக விளங்குகிறது. பத்தாண்டுக்குக் குறையாத சிறையோடு, மருத்துவச் செலவை ஈடுசெய்யத்தக்க அபராதமும் உண்டு. அது பாதிக்கப்பட்டவரைச் சேரும். குறைந்தது மூன்று இலட்ச ரூபாய் இழப்பீடு வழங்கவும், வாங்குவோரின் விவரத்தைப் பதியாது திராவகம் விற்றலைத் தடுக்கவும் உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஆணையிட்டது.

எனினும், ஈடு என்பது நட்டம் நேர்ந்தபின் வருவது. நட்டமே நேராமற் காப்பதற்கு ஆகும் செலவோ மிகச் சிறிது. தெருமுனையில் ஒரு விளக்கு. அடுத்த வீட்டில் அலறல் கேட்டால் கதவைத் தட்டும் துணிவு. 181 என்னும் உதவி எண்ணைச் சுழற்ற ஒரு நிமிடம். 'வேண்டாம்' என்று ஒரு பெண் சொன்னால் அதனை மதித்து விலகவேண்டும் என்று மகனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஒரு மாலைப்பொழுது. இவற்றுள் கடைசியது காசே கேளாதது. அதை நம் ஊர் அன்று ஒரு வீட்டில் செலவிடத் தவறியதற்குத்தான் ஓர் இளம் உயிரை விலையாகக் கொடுத்தோம்.