பள்ளிக் கணக்கும் கணிப்பொறியும்

ஜூன் மாத நடுவில் மும்பைப் பள்ளிகள் திறக்கின்றன. தாராவியில் ஒரு தமிழ் வகுப்பிலே ஆசிரியர் வருகைப் பதிவேட்டைப் படிக்கிறார். ஒரு பெயருக்கு விடை இல்லை. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்குச் சென்ற குடும்பம் திரும்பவில்லை. அக்குழந்தை அங்கே வேறு பள்ளியில் சேர்ந்ததா, அன்றிப் படிப்பையே விட்டதா? இதனை அறிவதற்கு நெடுங்காலம் எளிய வழி இருந்ததில்லை.

1994-ஆம் ஆண்டில் மகாராஷ்டிரம், தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களில், 42 மாவட்டங்களில், மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம் தொடங்கப் பெற்றது. செலவிடும் பணத்தின் பயனை அறியப் பள்ளிதோறும் புள்ளி விவரம் தேவைப்பட்டது. அதற்கெனத் தில்லியிலுள்ள தேசியக் கல்வித் திட்டமிடல் நிறுவனம் 'டைஸ்' என்னும் கணிப்பொறி முறையை வகுத்தது. 2012-13-இல் உயர்நிலைப் பள்ளிகளையும் சேர்த்து அது 'யுடைஸ்' ஆயிற்று. 2018-19 முதல் இணையவழி இயங்குகிறது.

இம்முறையில் ஒவ்வொரு பள்ளிக்கும் 11 இலக்க எண் உண்டு. முதல் இரண்டும் மாநிலத்தைக் குறிக்கும்: மகாராஷ்டிரத்திற்கு 27, தமிழ்நாட்டிற்கு 33. பின்வருவன மாவட்டம், வட்டாரம், வார்டு, பள்ளி ஆகியவற்றைக் காட்டும்.

முன்னர்ப் பள்ளிகள் வகுப்புவாரியாகத் தலைகளை எண்ணி அனுப்பின. நாற்பது பேரில் ஐவர் நின்று, புதிதாக ஐவர் சேர்ந்தால், கணக்கு நாற்பதாகவே நிற்கும்; நின்றவர்கள் எவருடைய கண்ணிலும் படார். 2022-23 முதல் ஒவ்வொரு குழந்தையின் விவரமும் தனித்தனியே பதிவாகிறது. குழந்தைக்கு நிலையான கல்வி எண் ஒன்றும் கிடைக்கிறது. ஒரு பள்ளி விடுவித்த பெயர், மற்றொரு பள்ளி ஏற்கும் வரையில் தனிப்பட்டியலில் காத்திருக்கும். எவரும் ஏற்காவிடில், அக்குழந்தையைத் தேடிச் செல்ல வேண்டும் என்பதற்கு அதுவே அறிகுறி.

இதில் நமக்கென்ன அக்கறை என்று கேட்கலாம். மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றுள் ஒன்று. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்தாம் வகுப்பு வரையில் 60 குழந்தைகளுக்கு இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூவர். விடுபட்ட ஒரு பெயர் ஓர் ஆசிரியரையே இல்லாமற் செய்துவிடலாம் அன்றோ?

ஆயினும் கணிப்பொறி அறியாததும் உண்டு. பதிவேட்டில் பொய் ஏறினால் கூட்டுத்தொகையும் பொய்யே. பிள்ளை வகுப்பில் இருக்கிறான் என்று அது சொல்லும். பிழையின்றிப் படிக்கிறானா என்று சொல்லாது. கற்றலை அளக்க வேறு கோல் வேண்டும். 2021-ஆம் ஆண்டின் தேசிய அடைவு ஆய்வு 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளை 22 மொழிகளில் சோதித்தது அதன் பொருட்டே.

ஆகையால், ஊருக்குக் குடிபெயரும் பெற்றோர் மாற்றுச் சான்றிதழோடு குழந்தையின் கல்வி எண்ணையும் கேட்டுப் பெறுதல் நலம். பெயர், பிறந்த நாள், தாய்மொழி ஆகியவை சரியாகப் பதிந்துள்ளனவா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். குடும்ப அட்டையைப் பெட்டியில் பத்திரப்படுத்தும்போது, அந்த எண்ணுக்கும் அதன் அருகில் ஓர் இடம் இருக்கட்டும்.