வெளிநாட்டு விளக்கும் நம் ஊர் மின்சாரமும்



வெளிநாட்டுச் சபைகள் அன்போடு அனுப்பும் பொருட்களில் எக்ஸ்-ரே படம் பார்க்கும் விளக்குப் பெட்டிகளும், மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தைகளுக்கான நீல டியூப்லைட் கருவிகளும் உண்டு. "ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்தால் இங்கே எரியாதா?" என்று பங்காளர்கள் பலர் கேட்கிறார்கள். எரியக்கூடும். எத்தனை நாள், எவ்வளவு பாதுகாப்பாக என்பதே கேள்வி.

திருவாலங்காட்டில் நமக்கு வருவது, இந்தியா முழுவதும் உள்ளதுபோல, 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம். ஹெர்ட்ஸ் என்பது அது வினாடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக ஓடித் திரும்புகிறது என்ற கணக்கு. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டைக் குறைக்கும்; ஹெர்ட்ஸைத் தொடாது.

சோக்கின் வேலை

டியூப்லைட் ஒருமுறை பற்றிக்கொண்டால், தடுப்பார் இல்லாவிடில் மின்னோட்டம் ஏறிக்கொண்டே போய்க் குழாயைக் கெடுத்துவிடும். அதைக் கட்டுப்படுத்துவது சோக். இரும்பின்மேல் கம்பி சுற்றிய பழைய வகைச் சோக், மின்சாரம் வேகமாகத் திரும்பத் திரும்ப அதிகமாகத் தடுக்கும். 60 ஹெர்ட்ஸ் 50 ஆகும்போது தடுப்பு ஆறில் ஒரு பங்கு குறைகிறது. மின்னோட்டம் கூடுகிறது, இரும்பு சூடாகிறது, உறுமல் கேட்கிறது, நாளடைவில் கம்பியின் காப்பு கருகுகிறது.

எளிய கணக்கு ஒன்று உண்டு: வோல்ட்டை ஹெர்ட்ஸால் வகுத்துப் பாருங்கள். அமெரிக்கச் சோக்குக்கு 120-ஐ 60-ஆல் வகுத்தால் 2. டிரான்ஸ்பார்மர் வைத்து 120 வோல்ட் கொடுத்தாலும், நம் 50 ஹெர்ட்ஸில் அது 2.4. இரும்பின்மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் சுமை. 100 வோல்ட்டாகக் குறைத்தால் மறுபடி 2 வரும். ஆனால் குழாய் பற்றாமலோ மங்கலாகவோ போகலாம்.

கொரியாவிலிருந்து வருபவை இன்னும் ஏமாற்றும். அங்கே 220 வோல்ட். நம்முடையதைப் போலவே தோன்றும். ஆனால் ஹெர்ட்ஸ் 60. கணக்கு 3.67, நம்முடையது 4.6. சுமை கால் பங்கு கூடுகிறது. 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உள்ள இங்கிலாந்து, ஜெர்மனிச் சோக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

எலக்ட்ரானிக் சோக்குகள் வேறு வகை. அவை வரும் மின்சாரத்தை முதலில் நேர் மின்சாரமாக்கி, பின் வினாடிக்கு 20,000 முறைக்கு மேல் திரும்பும்படி மாற்றுகின்றன. ஆகவே 50-ம் 60-ம் அவற்றுக்கு ஒன்றே. வோல்ட் மட்டும் பொருந்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கவனம்?

காமாலைக் குழந்தைகளுக்கு ஒளி உதவும் என்பது 1956-ல் இங்கிலாந்தின் ராச்ஃபோர்டு மருத்துவமனையில் கவனிக்கப்பட்டது. அங்கு உதவுவது ஒளியின் அளவே. விளக்கு எரிகிறதே என்று நாம் நம்பியிருக்க, ஒளி போதாமல் போனால், பிலிருபின் ஏறிக் குழந்தையின் மூளையும் செவியும் பாதிக்கப்படலாம். மேலும், 1979-க்கு முன் அமெரிக்காவில் செய்த சோக்குகளில் பி.சி.பி. என்னும் நச்சுப்பொருள் இருக்கக்கூடும். அளவு மீறிச் சூடானால் அது கசியும். அப்படிப்பட்டவற்றை அனுப்பவே வேண்டாம்.

நீங்கள் செய்யக்கூடியது

அனுப்புமுன் கேளுங்கள் என்பதே உலக சுகாதார நிறுவனம் 2000-ல் வெளியிட்ட நன்கொடை வழிகாட்டியின் சாரம். கருவியின் பின்புறச் சீட்டைப் படம் எடுத்து முதலில் எங்களுக்கு அனுப்புங்கள். "50/60 ஹெர்ட்ஸ்" என்றும், 230 வோல்ட்டை உள்ளடக்கிய எண்ணும் இருந்தால் நல்லது. சாதாரண விளக்குப் பெட்டியானால் கூட்டை வைத்துக்கொண்டு, உள்ளே நம் கடைகளில் கிடைக்கும் சோக், ஸ்டார்ட்டர், டியூப் மூன்றையும் எலக்ட்ரீஷியன் மாற்றிவிடலாம்.

பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் 2023 கூட்டம், பொது விளக்குக்கான டியூப்லைட்டுகளை 2027-க்குள் நிறுத்த முடிவு செய்தது. ஆகவே புதிதாக வாங்கித் தருவோர் எல்.இ.டி. கருவியையே தெரிந்தெடுப்பது நலம்.

கப்பல் கூலி கொடுத்து அனுப்பும் உங்கள் காணிக்கை எங்கள் கிடங்கில் கிடவாமல், ஒரு குழந்தையின் தொட்டிலின்மேல் ஒளிர வேண்டும் என்பதே எங்கள் வாஞ்சை.