உளுந்தஞ்சோறு தின்றால் வயிறு ஏன் உப்புகிறது?

கறுப்பு உளுந்து, அரிசி, பூண்டு, வெந்தயம், தேங்காய்ப்பூ எல்லாம் சேர்ந்து வெந்த உளுந்தஞ்சோறு. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். நெல்லைக்காரர்கள் மறுசோறு கேட்காமல் எழுந்திருப்பதில்லை. சில மணி நேரம் கழித்துத்தான் வயிறு பேச ஆரம்பிக்கும்.

உளுந்திலுள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சர்க்கரைகளை உடைக்கும் நொதி மனிதக் குடலில் சுரப்பதில்லை. அவை அப்படியே பெருங்குடலுக்குப் போகின்றன. அங்குள்ள பாக்டீரியாக்கள் அவற்றைப் புளிக்கவைத்து ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் உண்டாக்குகின்றன. இந்த மூன்றுக்கும் வாடை கிடையாது. நாற்றம் துளியளவு கந்தக வாயுக்களின் வேலை. உளுந்தை ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சர்க்கரையில் ஒரு பகுதி போய்விடும். உப்புசத்துக்குக் கோலி சோடா குடிப்பவர்கள் இன்னும் கொஞ்சம் வாயுவைத்தான் உள்ளே அனுப்புகிறார்கள்.

பால் குடித்தாலும் இதே பாடென்றால் பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸ் செரிக்காமல் இருக்கலாம். அதைக் கண்டறிய லாக்டோஸ் கரைசலைக் குடிக்கவைத்து, சுமார் 3 மணி நேரம் அவ்வப்போது ஊதச் சொல்வார்கள். மூச்சில் ஹைட்ரஜன் பத்து லட்சத்தில் 20 பங்கு கூடினால் சந்தேகம் உறுதி. இந்தச் சோதனைக்கு முன்னால், தின்றதையும் உப்பியதையும் ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். பாதி விடை அதிலேயே கிடைக்கும்.

எடை குறைகிறதா, மலத்தில் ரத்தமா, 50 வயது தாண்டிய பெண்ணுக்குப் புதிதாக விடாத உப்புசமா? 'வெறும் வாயு' என்று தள்ளாமல் டாக்டரைப் பாருங்கள். கடைசியாகச் சொன்னது சினைப்பைப் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம்.