கொடுத்த துப்பாக்கி யாரிடம் போனது?

உலக நாடுகள் 2024இல் தங்கள் இராணுவங்களுக்குச் செலவிட்ட தொகை 2.7 ரில்லியன் டொலரைத் தாண்டியது. ஸ்டொக்ஹோம் சர்வதேச சமாதான ஆய்வு நிறுவனத்தின் கணக்கு இது. ஒரே ஆண்டில் 9.4 வீத உயர்வு. பனிப்போர் முடிந்த பின் இப்படியோர் ஏற்றம் இருந்ததில்லை. கடன் என்றாலே முகம் சுளிக்கும் ஜேர்மனி, 2025 மார்ச்சில் தன் அரசியலமைப்பைத் திருத்திப் பாதுகாப்புச் செலவுக்காகக் கடன் வரம்பைத் தளர்த்தியது. நேட்டோ நாடுகள் 2035க்குள் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 வீதத்தைப் பாதுகாப்புக்கும் அதையொட்டிய தேவைகளுக்கும் ஒதுக்குவதாக ஹேக் மாநாட்டில் ஒப்புக்கொண்டன.

இதைப் பற்றி எழுதுகிறவர்கள் விமானம், ஏவுகணை, வீதாசாரம் என்றே பேசுகிறார்கள். இலங்கையின் கிழக்கே உள்ள ஏறாவூரில் இருந்து பார்ப்பவருக்கு வேறொரு கேள்விதான் முதலில் எழும். வாங்கிய ஆயுதம் கடைசியில் யார் கைக்குப் போகிறது? அதைத் திரும்ப வாங்குவது யார்?

மட்டக்களப்பிலிருந்து வடக்கே போகும் வீதியில், தன்னாமுனை, மைலம்பாவெளியைத் தாண்டினால் ஏறாவூர். அதற்கப்பால் செங்கலடி, வந்தாறுமூலை. இருபுறமும் தமிழ் ஊர்கள். நடுவில் முஸ்லிம்கள் செறிந்து வாழும் வணிக ஊர். கடை வாவியின் கிழக்கே எழுவான்கரையில், வயல் மேற்கே படுவான்கரையில் என்பது இங்கே பல குடும்பங்களின் பிழைப்பு. இந்தச் சிறு நிலத்துண்டில் பத்து ஆண்டுகளுக்குள் குறைந்தது நான்கு முறை ஆயுதம் விநியோகிக்கப்பட்டது.

முதலில் இந்தியா. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு தமிழ் இயக்கங்களுக்குப் பயிற்சியும் துப்பாக்கியும் அங்கிருந்து வந்தன. 1987 யூலை 29இல் இந்திய-இலங்கை ஒப்பந்தம் கைச்சாத்தாகி ஆயுதங்களை ஒப்படைக்கச் சொன்னபோது ஒரு பகுதிதான் திரும்பி வந்தது; இரண்டு மாதம் கடந்ததும், ஒப்பந்தப்படி வந்த இந்திய அமைதிப்படையும் விடுதலைப் புலிகளும் மோதிக்கொண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் இந்த வரலாற்றின் மையம். 1989இல் அமைதிப்படை வெளியேற வேண்டும் என்பது ஜனாதிபதி பிரேமதாசவின் தேவை. புலிகளின் தேவையும் அதுவே. கொழும்பு புலிகளுக்கு ஆயுதம் கொடுத்தது. வெளியேறும் முன் தன் ஆட்களைப் பலப்படுத்த எண்ணிய புதுடில்லியோ ஈபிஆர்எல்எஃப் என்ற தமிழ் இயக்கத்தின் வழியாகத் ‘தமிழ் தேசிய இராணுவம்’ ஒன்றை உருவாக்கியது. வீதியில் போன பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பிடித்துச் சேர்த்தார்கள். அவர்களால் நின்று பிடிக்க முடியவில்லை. அந்தப் படை கலைந்து அதன் துப்பாக்கிகளும் புலிகளிடம் போயின. ஒன்றையொன்று எதிர்த்து இரு அரசுகள் கொடுத்த ஆயுதங்கள் இப்படி ஒரே களஞ்சியத்தில் சேர்ந்தன. 1990 மார்ச் 24இல் அமைதிப்படையின் கடைசி அணி திருகோணமலையிலிருந்து கப்பலேறியது.

மூன்று மாதம்கூட ஆகவில்லை. யூன் 11 அன்று கிழக்கின் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சூழ்ந்தார்கள். சரணடையும்படி மேலிடத்திலிருந்து வந்த உத்தரவை ஏற்று வெளியே வந்த பொலிஸாரில் 600 பேருக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களைப் புலிகள் தாக்கினார்கள். ஓகஸ்ட் 11 நள்ளிரவில் ஏறாவூர்: சதாம் உசேன் கிராமம், ஐயங்கேணி, புன்னைக்குடா என்று எல்லைக் குடியிருப்புகளுக்குள் புகுந்தவர்கள் பெண்களும் குழந்தைகளுமாக 100 பேருக்கு மேல் கொன்றார்கள். ஓகஸ்ட் 12ஐ ஊர் இன்றும் சுஹதாக்கள் (தியாகிகள்) தினமாக நினைவுகூர்கிறது. செப்டெம்பரில் அடி மறுபக்கம் விழுந்தது. 5ஆம் திகதி வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமிலிருந்து இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது, யாரும் திரும்பவில்லை. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் 184 தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இவ்விரு இடங்களும் ஏறாவூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரம்.

இதற்குப் பிறகு ஏறாவூர் மக்கள் தங்களுக்கும் துப்பாக்கி வேண்டும் என்று கேட்டதில் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அரசு ஊர்காவல் படையை விரிவாக்கியது. ஊர் எல்லையில் இரவுக் காவல் இருந்ததால் உயிர் தப்பியவர்கள் உண்டு. ஆனால் ஒரு சமூகத்தின் காவலுக்குக் கொடுத்த துப்பாக்கி அடுத்த சமூகத்துக்கு அச்சுறுத்தலாகத் தெரியும். தமிழ்க் கிராமங்களில் ஊர்காவலர்மேல் எழுந்த முறைப்பாடுகள் கொஞ்சமல்ல. 1992 ஏப்ரல் 29இல் பொலனறுவை மாவட்டத்தில் நடந்தது இதன் உச்சம். அளிஞ்சிப்பொத்தானையில் புலிகள் முஸ்லிம்களைக் கொன்றார்கள். சில மணி நேரத்துக்குள் ஊர்காவலர்களும் சேர்ந்துகொண்ட கும்பல் முத்துக்கல், கரப்பொல என்ற தமிழ்க் கிராமங்களில் பழிதீர்த்தது.

பொருளாதாரப் பக்கத்தை இங்கேதான் தொட வேண்டும். படுவான்கரைக்குப் போக முடியாமல் வயல் தரிசானது. வாவியில் இரவு வலை போட முடியவில்லை. உழவும் தொழிலும் நின்ற ஊரில் மாதா மாதம் சம்பளம் தந்தது ஊர்காவல் வேலைதான். தெற்கின் சிங்களக் கிராமங்களிலும் இதே கதை. வயலும் கூலியும் கைவிட்ட குடும்பங்களின் பிள்ளைகள் இராணுவத்தில் சேர்ந்தார்கள். 1983இல் ஏறத்தாழ 12,000 பேர் இருந்த இராணுவம் போர் முடியும்போது இரண்டு இலட்சத்தைத் தொட்டது. 2006இல் ஊர்காவல் படையும் சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாறியது. போர் முடிந்தும் ஆட்தொகை குறையவில்லை. உலக வங்கித் தரவின்படி, 2017க்கும் 2019க்கும் இடையில் படையினரின் மொத்த எண்ணிக்கை 317,000. போர்க் காலத்தைவிட அதிகம்.

இத்தனைக்கும் பணம் எங்கிருந்து? 1992இல் தேசிய பாதுகாப்பு வரி வந்தது. அந்த வரி பத்து ஆண்டுகள் இருந்து, 2002இல் பெறுமதி சேர் வரிக்குள் கரைந்தது. கிபீர் விமானம், மிக் விமானம், பல்குழல் எறிகணை என்று வாங்கியவை ஒருமுறைச் செலவுகள். சம்பளமும் ஓய்வூதியமும் அப்படியல்ல. சேர்த்த ஆளுக்கு அரசு பல பத்தாண்டுகள் கொடுத்தாக வேண்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் பாதுகாப்புக்கு ஒதுக்கிய 442 பில்லியன் ரூபாயில் மிகப் பெரும்பகுதி நடைமுறைச் செலவு என்பதன் பொருள் இதுதான். 2022 ஏப்ரலில் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த பின்னும், 2023க்குப் பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு இரண்டுக்குமாக 539 பில்லியன் ஒதுக்கினார்கள். வங்குரோத்துக்கு இராணுவச் செலவு மட்டுமே காரணம் என்பது மிகைப்படுத்தல். 2019 டிசம்பர் வரிக்குறைப்பும் டொலர் கடன்களும் பெரும் காரணங்கள். ஆனால் வெட்டுவதற்குக் கத்தியை எடுத்தபோது எவரும் நெருங்கத் துணியாத செலவு இது.

துணியாததற்குக் காரணம் அரசியல். படையினரும் அவர்கள் குடும்பத்தினரும் பெரிய வாக்கு வங்கி. 2019 ஏப்ரல் 21இல் மட்டக்களப்பு சியோன் தேவாலயம் உட்பட நாடெங்கும் குண்டுகள் வெடித்த ஏழாவது மாதத்தில், ‘தேசிய பாதுகாப்பு’ என்ற ஒற்றை முழக்கத்தை முன்வைத்துக் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். கிழக்கில் இன்னும் நேரடியாகவே நடந்தது. 2004இல் புலிகளிடமிருந்து பிரிந்த கருணா அணி அரசின் துணைப்படையானது; 2007இல் புலிகளின் வசமிருந்த குடும்பிமலை வீழ்ந்தது. 2008 மே மாகாண சபைத் தேர்தலில் அந்த அணியின் கட்சியான தமிழ் மக்கள் விடுதலைப் புலிகள் ஆயுதத்தைக் கீழே வைக்காமலே போட்டியிட்டார்கள், அதைச் சேர்ந்த பிள்ளையான் முதலமைச்சரானார். ஆயுத ஒப்படைப்பு விழா 2009 மார்ச்சில்தான் நடந்தது. வாக்கு முதலில், துப்பாக்கி ஒப்படைப்பு பிறகு. எந்தத் தேர்தல் சட்டத்திலும் இல்லாத வரிசை அது.

இப்போது படைக்குறைப்பு பேசப்படுகிறது. 2023 ஜனவரியில் அறிவித்தபடி இராணுவம் 2030க்குள் 100,000 பேராகச் சுருங்க வேண்டும். எண்ணிக்கை குறைந்தால் சம்பளப் பட்டியல் சுருங்கும், ஓய்வூதியப் பட்டியல் நீளும். சேமிப்பு உடனே கைக்கு வராது. விடுப்பின்றித் தப்பியோடியவர்கள் இன்னொரு சிக்கல். துப்பாக்கி சுடத் தெரிந்த, வேறு தொழில் தெரியாத அவர்களில் சிலர் தெற்கின் பாதாள உலகக் கும்பல்களில் கூலிக்குச் சுடுகிறார்கள் என்று அரசே சொல்கிறது. ஒரே இராணுவ முகாமிலிருந்து 73 டி-56 துப்பாக்கிகள் பாதாள உலகத்துக்குப் போனதாகவும், அவற்றில் 38தான் மீட்கப்பட்டதாகவும் 2025இல் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க பாராளுமன்றத்தில் தெரிவித்தார்.

கிழக்கில் குறைப்பின் சுமை சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில்தான் முதலில் தெரியும். அதில் இருப்பவர்களில் பலர் நடுத்தர வயதைத் தாண்டியவர்கள். அந்தச் சம்பளத்தை நம்பி வீட்டுக் கடன் எடுத்தவர்கள். அவர்களின் பிள்ளைகளுக்கு ஏறாவூரில் வேலை எங்கே என்று கேட்டால் அதிகாரிகள் புன்னைக்குடாவில் திட்டமிட்ட துணி உற்பத்தி வலயத்தைச் சுட்டுகிறார்கள். ஆலை ஒன்று எழ மின்சாரமும் தண்ணீரும் முதலீட்டாளரும் வேண்டும். ஓர் ஆளைப் படையில் சேர்க்க அரசுக்கு ஒரு சுற்றறிக்கை போதுமாக இருந்தது.